பத்து நிமிடக் கெட்டிக்காரத்தனம்

இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று முணுமுணுப்பவர்கள் மலேசியாவில், எங்கள் ஜொகூரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் ஓடுவது மெயின் சுவிட்ச் பெட்டிக்குத்தான். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் போதும், டிவி வயரைப் பிடுங்கி, மோடத்தைப் பிடுங்கி, கடைசியில் வீட்டுக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு இருட்டில் வியர்த்தபடி உட்கார்ந்திருப்போம். தோட்டத்து வீட்டில் ஒரே மின்னலில் டிவி கருகிய கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் இந்த வேலைக்கு அக்காதான் தலைவி.

எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். அங்கே இடி விழுந்தாலும் விளக்கு சிமிட்டாது, பேட்டரியும் ஜெனரேட்டரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொள்ளும். இருபது வருடம் அங்கே வேலை பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. இப்போது இறங்கிவிட்டது. எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. வாரம் மூன்று நாள் கூலாயில் ஒரு சிறிய தர்ம நிலையத்தில் ரத்தம் கழுவிக்கொள்கிறாள். செவ்வாய், வியாழன், சனி. பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்கு எழுவாள். அவளை விட வரும்போதும் கூட்டிப்போக வரும்போதும் நான் அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். யாரோ தானமாகக் கொடுத்தது. பிறகு ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். நோயாளிகளின் விவரங்களை எல்லாம் அதில் ஏற்றி, “இனிமே பேப்பர் சார்ட் எதுவும் வேணாம், எல்லாம் இதுல இருக்கு” என்று நர்சுகளிடம் பெருமையாகச் சொன்னேன். அங்கே நர்சுகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூத்த மிஸ்ஸிக்கு ஒரே ஒரு குறைதான். “நல்லாத்தான் இருக்கு, ஆனா சேவ் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு லா. நான் பிரஷர் எடுக்கப் போவனா, இதையே பாத்துக்கிட்டு நிப்பனா?”

அது ஏன் சுற்றிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். டிஸ்க்கில் எழுதுவது நாம் நினைப்பதுபோல ஒரே வேலை இல்லை. ஒரு ஃபைலை மாற்றினால் அதன் பெயர் ஓரிடத்தில், அளவு ஓரிடத்தில், உள்ளே இருக்கும் விஷயம் இன்னோரிடத்தில் என்று பல இடங்களில் எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் கிடக்கும். அதைத் தடுக்க டிஸ்க்கில் ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு ஜர்னல் என்று பெயர். எதையும் அதன் இடத்தில் மாற்றுவதற்கு முன்னால், இன்னின்னதைச் செய்யப்போகிறேன் என்று முதலில் இந்த ஜர்னலில் எழுதி, கடைசியில் முடிந்தது என்று ஒரு முத்திரை வைக்கும். அதன் பிறகுதான் உண்மையான இடத்தைத் தொடும். மின்சாரம் போய் வந்தால் கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் ஜர்னலைத்தான் படிக்கும். முத்திரை இருந்தால் அந்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்யும், இரண்டு முறை செய்தாலும் கெடுதல் இல்லை. முத்திரை இல்லையென்றால் அப்படியொன்று நடக்கவே இல்லை என்று தூக்கிப் போட்டுவிடும். நம்மவர்கள் கல்யாணப் பேச்சில் தட்டு மாற்றுவது போலத்தான். தட்டு மாற்றும்வரை எல்லாம் பேச்சு, நின்றுபோனால் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். மாற்றிவிட்டால் மண்டபத்தில் வெள்ளம் வந்தாலும் கல்யாணம் நடந்தாக வேண்டும்.

அந்த முத்திரை ஐந்து நொடிக்கு ஒருமுறை விழும். பழைய டிஸ்க்குக்கு அது மூச்சு வாங்கும் வேலை. நான் என்ன செய்தேன் என்றால், ஐந்து நொடியைப் பத்து நிமிடமாக மாற்றினேன். அதுவரை எல்லாம் கம்ப்யூட்டரின் நினைவில் மட்டும் இருக்கும். டிஸ்க்கைத் தொந்தரவு செய்யாது. சேவ் என்று அழுத்திய கணத்தில் முடிந்துவிடும். தொழிற்சாலையில் நான் இப்படிச் செய்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புவார்கள். ஆனால் இது சின்ன இடம்தானே, யூபிஎஸ் பேட்டரி வேறு போட்டிருக்கிறேனே என்று நினைத்தேன்.

“அலமாக்! பறக்குது!” என்றார் மூத்த மிஸ்ஸி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அக்கா சாப்பிட ஆரம்பித்திருந்தாள். ரத்தம் கழுவத் தொடங்கிய முதல் வருடம் அவளுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டும். நன்றாக இருந்த உடம்பு கரைந்து, புடவை கட்டினால் கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கும். பிறகு மெல்ல மெல்ல முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் மீன், அரைத் தோசை, ஒரு தோசை என்று ஏறினாள். அவள் ஒரு பிடி அதிகமாகச் சாப்பிட்டால் அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் செய்தி.

ரத்தம் கழுவிக்கொள்கிறவர்களுக்கு டிரை வெயிட் என்று ஒரு கணக்கு உண்டு. உடம்பில் தேங்கிய தண்ணீரை எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை. ஒவ்வொரு முறையும் முதலில் எடை பார்த்து, அதிலிருந்து டிரை வெயிட்டைக் கழித்து, மிச்சத்தை மெஷின் தண்ணீராக உறிஞ்சி எடுக்கும். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தது. சதை பிடிக்கப் பிடிக்க அந்த எண் பொருந்தாமல் போயிற்று. கூடுகிற சதையையும் தண்ணீர் என்று நினைத்து மெஷின் எடுத்ததில் அவளுக்குக் காலெல்லாம் இழுத்துக்கொண்டது. ஒருமுறை நாற்காலியிலேயே கண் செருகி மயங்கினாள். அன்றைக்கு அவள் முகம் வெளுத்துத் தொங்கியதைப் பார்த்துக்கொண்டு நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு அக்காவை அவள் மருமகன் வந்து கூட்டிப்போய்விட்டான். நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே பலத்த இடி. சற்று நேரத்தில் மூத்த மிஸ்ஸி அழைத்தார்: கம்ப்யூட்டர் செத்துவிட்டது.

போய்ப் பார்த்தால் நடந்தது இதுதான். கடைசி ஷிப்டில் கடைசி ஆளாக அக்காவும் எழுந்து போய்விட்டாள், மெஷின்களையும் நிறுத்திவிட்டார்கள். துப்புரவு செய்யும் ஆன்ட்டி இடி கேட்டதும் நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். செடெனாக் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அது அனிச்சையாக வரும்.

“யூபிஎஸ்ஸாச்சும் தாங்கியிருக்கணுமே ஆன்ட்டி?”

“அந்தக் கறுப்புப் பெட்டியா? அது கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. பாவம் வெடிச்சிடப் போவுதுன்னு அதையும் அடைச்சிட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மெயின் சுவிட்சை அவர்களே தூக்கியிருந்தார்கள், நான் யூபிஎஸ்ஸைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்து, ஜர்னலைப் படித்து, எல்லாம் சரி, கோளாறு ஒன்றுமில்லை என்றது. சோதனைக்கு அக்காவின் ஃபைலையே திறந்தேன். பளிச்சென்று திறந்தது. டிரை வெயிட் ஐம்பத்திரண்டு. ஓர் எழுத்து உடையவில்லை. “மிஸ்ஸி, ஒன்னும் ஆகல” என்று உள்ளே ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தவருக்குக் குரல் கொடுத்தேன். ஆன்ட்டிக்குக் கால் மணி நேரம் வகுப்பும் எடுத்தேன். அந்த அம்மாள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

மறுநாள் ஞாயிறு, அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா மீனை முள் எடுத்தபடி சொன்னாள்: “தெரியுமா ஒனக்கு? டாக்டர் எனக்கு ரெண்டு கிலோ ஏத்திட்டாரு. ஐம்பத்து நாலு. ‘அம்மா, நல்லா சதை போட்டுட்டீங்க’ன்னு சொன்னாரு பாரு, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

“எப்பக்கா?”

“நேத்துதான். ஊசிய எடுத்துட்டு எந்திரிக்கிறேன், அப்பத்தான் வந்து பாத்தாரு. மிஸ்ஸி அப்பவே கம்ப்யூட்டர்ல தட்டிட்டாங்க. நாங்க வாசலுக்கு வரவும் இடி இடிக்கவும் சரியா இருந்துச்சு.”

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். நேற்று மாலை நான் என் கண்ணால் பார்த்தது ஐம்பத்திரண்டு.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் அது நடந்திருக்கிறது. மிஸ்ஸி ஐம்பத்து நான்கு என்று தட்டினார், சேவ் ஆனது என்று கம்ப்யூட்டரும் சொன்னது, ஆனால் டிஸ்க்கில் முத்திரை விழவில்லை. அதற்குள் ஆன்ட்டி சுவிட்சை இறக்கினார். விழித்தெழுந்த கம்ப்யூட்டர் தன் கடமையைச் சரியாகச் செய்தது: முத்திரை இல்லாததைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய ஃபைலை அழகாக முழுசாக எடுத்துக் கொடுத்தது. உடைந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். ஜர்னல் எதையும் அரைகுறையாக விடாது, அவ்வளவுதான் அது கொடுக்கிற வாக்கு. கடைசியாகச் சொன்னது நிலைக்கும் என்று அது என்றைக்கும் சொன்னதில்லை. அதை நான் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்தே சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பணிக்கு வருவது வேறு மிஸ்ஸி. அவர் திரையில் ஐம்பத்திரண்டைப் பார்ப்பார், அக்காவின் உடம்பிலிருந்து இரண்டு லிட்டர் கூடுதலாக எடுப்பார். பேப்பர் சார்ட்டில் சரிபார்க்கலாம் என்றால், அதை வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான்.

கொல்லைப் பக்கம் போய் மூத்த மிஸ்ஸிக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, “அந்த ஆன்ட்டியாலதானே? நாளைக்கே கமிட்டிகிட்ட சொல்றேன் பாருங்க.”

உண்மையைச் சொன்னால், ஒரு நொடி சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

“இல்ல மிஸ்ஸி. ஆன்ட்டி மேல தப்பே இல்ல. அவங்க சுவிட்சை அடைச்சாலும் தாங்குற மாதிரிதான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்துச்சு. வேகமா ஓடட்டும்னு நான்தான் அதைக் கெடுத்து வெச்சேன்.”

அதோடு ஆன்ட்டி பேச்சை மிஸ்ஸி விட்டுவிட்டார். பிறகு, “சரி, அக்காவுக்கு ஐம்பத்து நாலு, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வேற யாருக்கு மாத்தினேன்... இருங்க, போனைத் திருப்பிப் பாக்குறேன்.”

போனைத் திருப்பி என்ன பார்க்கிறார் என்று விளங்கவில்லை. அப்புறம் சொன்னார். டாக்டர் வாயால் சொல்வதை ஊசி மேல் ஒட்டுகிற வெள்ளை டேப்பில் கிறுக்கி, போன் உறைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வாராம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் பிய்த்துப் போடுவாராம். சனிக்கிழமை மழை வருகிற அவசரத்தில் பிய்க்க மறந்திருக்கிறார். இரண்டு துண்டுகள் இருந்தன: அக்காவின் எடை, இன்னொரு பெரியவரின் பிரஷர் மாத்திரை. அந்த ஒன்றிரண்டு அங்குல டேப்புக்கு முன்னால் என் இருபது வருட அனுபவம் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்ளும்?

திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே நிலையத்துக்குப் போனேன். மிஸ்ஸி டாக்டரிடம் மறுபடி கேட்டு உறுதிசெய்து, இரண்டையும் ஏற்றினார். நான் பத்து நிமிடத்தை ஐந்து நொடியாக்கினேன். அதோடு, டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதி முடிக்காமல் சேவ் ஆனது என்று சொல்லாதபடியும் செய்தேன். பேப்பர் சார்ட்டுகள் மேசைக்குத் திரும்பின.

“அப்ப மறுபடியும் சுத்துமா?” என்றார் மிஸ்ஸி.

“சுத்தும்.”

“சுத்தட்டும். அந்த நேரத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறோம்.”

ஆன்ட்டியிடம் போய், அன்றைக்கு வகுப்பெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “அட, நீ என்ன சொன்னேன்னே எனக்குப் புரியல. விடும்மா” என்றார். மனசு லேசானது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. எடை பார்த்தார்கள், ஐம்பத்தாறு. அன்றைக்குப் பணியிலிருந்த மிஸ்ஸி திரையைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், இரண்டு லிட்டர் என்று மெஷினில் தட்டினார். நான்கு மணி நேரமும் அக்கா போனில் சீரியல் பார்த்தாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுக்கவில்லை. பிரஷர் இறங்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, தன் கால்களாலேயே நடந்து கார் வரைக்கும் வந்தாள்.

காரை நிறுத்தத்திலிருந்து எடுக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஜர்னல், முத்திரை எல்லாம் அவளுக்குப் புரிந்ததா தெரியாது. கடைசிப் பகுதி புரிந்தது. கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டாள்.

“அந்த ரெண்டு கிலோவ ஏத்த எனக்கு எட்டு மாசம் ஆச்சுடி” என்றாள். “ஒவ்வொரு வாயும் குமட்டக் குமட்ட முழுங்கினேன்.”

அழுதுவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதேன்.

“சரி, சரி. எனக்குப் பசிக்குது. வண்டிய எடு.”

முச்சந்திக் கடையில் அவளுக்குத் தோசை சொன்னேன். உப்பு குறைத்து, சட்னி இல்லாமல். ஒன்றை முடித்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்து விரலைத் தூக்கி இன்னொன்று கேட்டாள். அக்கா எதையும் மென்று மென்றுதான் விழுங்குவாள், அரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தி அவளிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கடைசி வாயை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.