தறி ஓடும்போது திக்காது

எனக்குத் திக்குவாய். எழுதும்போது இதைச் சொல்வது சுலபம், பேனாவுக்குத் திக்குவதில்லை. உள்ளுக்குள் நான் பேசுகிற பேச்சு வெளியே கேட்டிருந்தால் ஆரணியில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வந்திருப்பார்கள். அவ்வளவு வாய் எனக்கு. ஆனால் வெளியே வரும்போது முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். எதிரே நிற்பவர் அவராகவே ஒரு சொல்லைச் சொல்லி முடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். உளுந்து வாங்கப் போய் உப்போடு திரும்பிய நாட்கள் உண்டு.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. நாக்கில் வசம்பு தேய்த்தாள், கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசச் சொன்னாள், வேண்டுதல் வைத்தாள். அப்பாவோ எனக்குத் திக்குகிறது என்பதையே நம்பவில்லை. "எங்கிட்ட நல்லாத்தான பேசுது? நீதான் திக்குது திக்குதுன்னு சொல்லிகினே கீற" என்று அம்மாவை அதட்டுவார்.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டை ஒட்டித் தகர ஷெட்டில் நாலு பவர்லூம் ஓடின. பட்டுப்புடவைதான். அப்பா காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். சாப்பிடும்போது பேசுவது அம்மாவின் வேலை. நான் ஷெட்டில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவேன். அந்தக் காது கிழியும் சத்தத்தில் எனக்குத் திக்கவே திக்காது. ஊர்க்கதை, தெருச்சண்டை எல்லாவற்றையும் அப்பாவிடம் கத்திக் கத்திச் சொல்வேன். திடீரென்று கரண்ட் போகும். தறிகள் நிற்கும், என் வாயில் பாதிச் சொல்லும் நிற்கும். அதற்குள் அப்பா பக்கத்து வீட்டிலும் கரண்ட் போயிருக்கிறதா என்று பார்க்கத் தெருவுக்குப் போயிருப்பார். நான் மாட்டிக்கொண்டு நின்றதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அமாவாசையன்று நெசவுக்கு லீவு. தெரு முழுக்க ஒரு தறிகூட ஓடாது. அன்றைக்கு நான் வாயே திறக்கமாட்டேன். மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, ஒரு வாரப்பத்திரிகையின் டாக்டர் பதில் பகுதியில் திக்குவாய்க்குப் பயிற்சி உண்டு என்று படித்தேன். வேலூரில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்தைத் தேடிப் பிடித்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று புளுகிவிட்டு வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறினேன்.

அங்கே பயிற்சி கொடுத்தவள் என்னைவிடச் சின்னவள், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல் நாள் பெயரைக் கேட்டாள். எனக்கு வழக்கம்போல மாட்டிக்கொண்டது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேசாமல் காத்திருந்தாள். என் பெயரை நானே முழுக்கச் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை.

தறிச் சங்கதியைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "அந்தச் சத்தத்துல உங்க குரல் உங்க காதுக்கே கேக்கறதில்லக்கா. நெறைய பேருக்கு அப்படித் திக்காது. ஆனா போற எடத்துக்கெல்லாம் தறியத் தூக்கிகினு போக முடியுமா?" என்றாள். நாக்கிலோ புத்தியிலோ கோளாறு எதுவும் இல்லை என்றாள். மூச்சை மெல்ல விட்டபடியே முதல் எழுத்தைத் தொடச் சொன்னாள். மாட்டிக்கொண்டால் முட்டித் தள்ளாமல், இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சில நேரம் வேண்டுமென்றே திக்கச் சொன்னாள். இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது வீட்டுப்பாடம். வாரம் ஒருவரிடம் 'எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க' என்று நானே சொல்ல வேண்டும்.

"மறைக்கறதுக்குத்தான்க்கா உங்க சக்தியெல்லாம் போவுது" என்பாள்.

முதலில் பஸ் கண்டக்டரிடம் சொன்னேன். அவர், "சரிம்மா, எங்க எறங்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாய்க்குள் பயிற்சி செய்வேன். ஒருமுறை பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண் பயந்து எழுந்து கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தால் கிளாஸில் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடையாது.

ஒரு வருஷம் கழித்துக் கலசப்பாக்கம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தறி ஓடற நேரத்துலதான் வரச் சொல்லிக்கீறேன். ஷெட்ட ஒட்டன ரூம்ல உக்கார வெச்சிடலாம். நீ தைரியமா பேசு."

தறிச் சத்தத்தில் எனக்குத் திக்காது என்பது அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அது என்னுடைய ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

வந்தார்கள். நாலு தறியும் ஓடின. மாப்பிள்ளையின் அம்மா கத்திக் கேட்டாள், நான் கத்திப் பதில் சொன்னேன். படிப்பு, சமையல், கோலம் எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. என் அம்மாவின் முகம் பூரித்துப்போனது. கடைசியில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டார். "எங்க வீடு வயக்காட்டு நடுவுல இருக்குதுங்க. சத்தமே இருக்காது. உங்களால இருக்க முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தச் சத்தமில்லாத வீட்டில் நான் வாய் திறக்கிற முதல் வார்த்தையிலேயே இந்த மனிதருக்குத் தெரிந்துவிடும். அப்போது பொய்க்காரி நான்தான்.

எழுந்து ஷெட்டுக்குப் போனேன். தறியைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் புடவையில் கோடு விழும், யாருக்காகவும் நிறுத்தக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தேன்.

அப்பா ஆத்திரத்தோடு திரும்பினார். இரண்டு பக்கமும் கேட்கும்படி ஷெட்டுக்கும் ரூமுக்கும் நடுவிலிருந்த வாசற்படியில் நின்றேன். 'எ'யில் மாட்டியது. அம்மா ஓடிவந்து, தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். தள்ளவில்லை. தளர்த்தினேன், மூச்சை விட்டேன், மறுபடியும் மாட்டியது, மறுபடியும் விட்டேன்.

"எ... எ... எனக்குத் திக்கும். த... தறி ஓடனாதான் பேச்சு வரும்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவருடைய அம்மா மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு, போய்த் தகவல் சொல்வதாகச் சொன்னாள். தகவல் வரவில்லை. அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. வேலூர்ப் பெண்ணிடம் சொன்னால் கைதட்டுவாள், ஆனால் வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. செய்தது சரி என்று தெரிந்தும் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பா அன்று மெயின் ஸ்விட்சை மேலே தள்ளிவிட்டுத் தறிக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட ஷெட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார். முதல் தறியை நிறுத்தினார். இரண்டாவதை நிறுத்தினார். மூன்றையும் நான்கையும் நிறுத்திவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

நான் திக்காமல் பேச இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அன்றோடு போனது. நிறுத்தாதீங்கப்பா, கோடு விழும் என்று சொல்ல வந்தேன். 'நி'யிலேயே மாட்டிக்கொண்டது. அவர் தறியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.