ஜெயித்தும் சிரிக்காதவர்

எனக்கு வாய் நீளம். இதை எழுதும்போது அதை மறைத்துப் பயனில்லை.

குடவாசல் பக்கத்தில் நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்திலிருந்து எங்களை வெளியேற்ற மிராசுதார் போட்ட வழக்கு ஏழு வருஷம் நடந்தது. என் வீட்டுக்காரர்தான் கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் ஜெயித்தோம். தெருவே வெடி வெடித்தது. அவர் மட்டும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அலுப்பு என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அவர் எதிலும் ஒட்டவில்லை. விரால் மீன் குழம்பு என்றால் உயிரை விடுவார். இப்போது வைத்தால் சாப்பிடுவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "இருக்கு" என்பார்.

தை அறுப்பு வந்தது. எங்கள் பக்கம் முதல் கதிரை வீட்டு ஆண்பிள்ளை தலையில் சுமந்து வந்து நிலைவாசலில் கட்டவேண்டும். புதிர் எடுப்பது என்போம். இவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு ஒண்ணுமே தோணல."

அறுப்பு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பீலில் விட்டுக்கொடுக்க மிராசுதாரிடம் ரகசியமாகப் பணம் வாங்கிவிட்டார் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. ஜெயித்த மனுஷன் முகத்தில் சிரிப்பில்லை என்றால் வேறென்ன அர்த்தம்? நானும் அத்தனை பேர் நடுவில் கேட்டேன், பாவி.

"அவங்ககிட்ட என்ன வாங்குனீங்க? இப்பவே சொல்லுங்க!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பெண்டாட்டியே கேட்டுவிட்டாள் என்றதும் வழக்குக்குத் துணை நின்ற விவசாய சங்கத்துக்காரர்கள் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, சாப்பாட்டையே விட்ட பிறகுதான் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"நல்லது ஒண்ணு நடக்கப்போகுதுன்னா மூளைதான் முன்னாடியே ஆசை காட்டும். கிடைச்சதும் நல்லாருக்கு, இன்னும் வேணும்னு சொல்லும். இவருக்கு அது ரொம்ப மந்தமாயிடுச்சு. கிடைச்சது தெரியும், சந்தோஷம் வராது. வீம்பு இல்லம்மா, நோய்."

அட கடவுளே, வரப்பில் உட்கார்ந்து அவர் சொன்னது முழுக்க நிஜம்.

மாத்திரை மெல்லத்தான் வேலை செய்தது. ஒருநாள் டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொன்னார். அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்டதற்கு மன்னிச்சிடுங்க என்றேன்.

"டீ ருசிக்குது. வயலுக்குப் போகணும்னு தோணுது. உங்கிட்ட பேசணும்னு மட்டும் தோணல. நான் என்ன பண்ணட்டும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டார்.