மேஸ்திரி சொல்லாத நன்றி

வீட்டில் எல்லாரும் அவளை டாக்டர் என்றுதான் பெருமையடித்துக்கொள்கிறார்கள். சித்தி ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை கேட்கிறாள். "நான் ஊசி போடுற டாக்டர் இல்ல சித்தி. மூளைக்குள்ள ஓடுற மின்சாரத்தக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்குறவ" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "அப்ப என் தலையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாரேன்" என்கிறாள் சித்தி.

அவள் கணக்குப் போடுவது ஒரே ஒருவர் தலையை. அவர் கட்டட மேஸ்திரி. பக்கவாதம் வந்து மருத்துவமனையின் கடைசி அறையில் எட்டு மாதமாகப் படுத்திருக்கிறார். காது கேட்கும், புத்தியும் தெளிவு. ஆனால் கை, கால், நாக்கு, கண் இமைகூட அவர் சொன்னபடி கேட்பதில்லை. தலையில் கம்பிகள் வைத்த துணித் தொப்பி. காதுக்குள் செருகிய ஒலிப்பானில் ஒரு குரல் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வந்ததும், கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொன்னதுபோல, மூளை சட்டென்று துள்ளும். அந்தத் துள்ளலைப் பிடித்து எழுத்தைத் திரையில் போடுவது கம்ப்யூட்டரின் வேலை. தப்பு வந்தால் திருத்திக்கொள்ள, எழுத்துகளோடு 'அழி' என்ற சொல்லும் உண்டு.

சொல்லும்போது சுலபம்தான். மண்டை ஓட்டைத் தாண்டி வருவதற்குள் அந்தத் துள்ளல் தேய்ந்து போய்விடும். ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம், அதிலும் பாதி தப்பு. ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் உச்சுக்கொட்டினார். அவளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் ஓர் ஊகிப்பானை எழுதிச் சேர்த்தாள். மூட்டை மூட்டையாகச் செய்தித்தாளும் கடிதமும் படித்துவிட்டு, அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகித்து, முந்திக்கொண்டு திரையில் போட்டுவிடும் கம்ப்யூட்டர் நிரல் அது.

மேஸ்திரி சரளமாகப் பேச ஆரம்பித்தார். 'நான் நலமாக இருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.' அவர் மனைவி திரையைத் தொட்டுத் தொட்டு அழுதார். பேராசிரியர் தலைகால் புரியாமல், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தாரை நேரில் பார்க்க அழைத்துவிட்டார். அவர்கள் தலையாட்டினால் அவளுக்கு இன்னும் இரண்டு வருட வேலை. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேஸ்திரியின் மனைவி ஒரு நாள் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"கண்ணு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? இது எங்க வீட்டுக்காரர் பேச்சு இல்ல."

"உடம்பு முடியாம போனா மனுஷங்க மாறுவாங்கக்கா."

"மாறட்டும். அதுக்காக இவ்வளவா? எனக்கு ஒரு நாளாவது நன்றி சொல்லியிருப்பாரா அந்த மனுஷன்? சாப்பாடு நல்லா இருந்தா வாயே தொறக்க மாட்டாரு. உப்பு கொறஞ்சா தெருவுக்கே கேக்கும்."

அவள் சிரித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்தப் பேச்சு மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பழைய பதிவுகளை எடுத்து, ஊகிப்பானை நீக்கிவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு 'நன்றி'க்குப் பிறகும் மேஸ்திரியின் மூளை, எந்த எழுத்துக்கும் துள்ளாத அளவுக்கு ஒரு சொல்லுக்குத் துள்ளியிருந்தது. அந்தச் சொல் 'அழி'.

அழகாக முடிந்த வாக்கியத்தை யாராவது அழிப்பார்களா என்று ஊகிப்பான் அதையெல்லாம் அர்த்தமில்லாத இரைச்சல் என்று தள்ளியிருந்தது. ஊகிப்பான் என்ன செய்யும் பாவம், அப்படி எழுதிவைத்தது அவள்தானே. பேச வழியில்லாத மனிதரின் வாயில் தன் கையாலேயே துணியை அடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

ஓடினாள். ஊகிப்பானை அணைத்துவிட்டு மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தப்பும் தவறுமாக நெடுநேரம் கழித்துத் திரையில் வந்தது, 'காது வலி'. நர்ஸ் விளக்கடித்துப் பார்த்தார். ஒலிப்பான் உறுத்தி, காதுக்குள் சிவந்து வீங்கியிருந்தது. இதைத்தான் அவர் தினமும் சொல்லப் பார்த்திருக்கிறார், ஊகிப்பான்தான் அதை நலம் என்றும் நன்றி என்றும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது!

காதுக்கு மருந்து போட்டார்கள். இனிமேல் எழுத்துகளைத் தலைமாட்டில் வைத்த சின்ன ஒலிபெருக்கி சொல்லும். ஊகிப்பானை எடுத்துவிடலாம் என்றதற்குப் பேராசிரியர்தான் மசியவில்லை. "அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் ஊகிப்பான் இருக்கட்டும்மா. போனதும் எடுத்துடு."

"அப்ப பேசுறது அவர் இல்லையே சார்" என்றாள்.

நிறுவனத்தார் நாலு பேர் வந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ஊகிப்பான் இல்லாமலே தொடங்கினாள். "எப்படி இருக்கார்னு கேளுங்க" என்றார் ஒருவர். ஒலிபெருக்கி எழுத்துகளை ஓதத் தொடங்கியது. ஓதியது, ஓதிக்கொண்டே இருந்தது. ஒருவர் இருமினார். ஒருவர் கைபேசியை எடுத்தார். பேராசிரியர் கூரையைப் பார்த்தார். கடைசியில் திரையில் ஒரு சொல் நின்றது.

'போங்க.'

மேஸ்திரியின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இவருதான்! என் புருஷனேதான்!"

"கணக்குல ஏதோ தப்பு. இன்னொரு தடவை பாப்போம், எல்லாரும் உக்காருங்க" என்றார் பேராசிரியர்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். மூன்று எழுத்தும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் துள்ளியிருந்தன. 'அழி' வந்தபோது அசைவே இல்லை. இவர்கள் இப்போது எழுந்து போனால் தன் வேலையும் கூடவே போகலாம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் முதலில் எழுந்தது அவள்தான்.

"போகச் சொல்றார் சார். வாங்க."

அதற்குமேல் யார் உட்கார முடியும்? கைபேசிக்காரர் எழுந்தார், மற்றவர்கள் எழுந்தார்கள், கடைசியில் பேராசிரியரும் எழுந்தார். எட்டு மாதமாக யார் யாரோ வந்து, அவரைக் கேட்காமலே புரட்டிப் போட்டுவிட்டுப் போன அறை அது. இன்று அவர் ஒரு வார்த்தை சொன்னார், அத்தனை பேரும் வெளியே போனார்கள்.