வெள்ளம் வரல்ல

மதுரைக்காரியான நான் குமரி மாவட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, சில வருடங்களிலேயே கவுன்சிலரும் ஆகிவிட்டேன். தயக்கம் என்பதே எனக்குக் கிடையாது.

அடைமழை நேரம். என் வார்டு ரோஸ்லி அக்கா போனில், "எங்க தெருவுல மூணு நாளா வெள்ளம் வரல்ல, கவுன்சிலரே" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்க்கா!" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலிக்குடத்தோடு வாசலில் நின்றார். "குடிக்க வெள்ளம் இல்லேன்னா சந்தோஷப்படுதியளே, நல்லாருக்கா?"

இங்கே தண்ணீரையே வெள்ளம் என்பார்கள். மழைப் பரபரப்பில் அது எனக்கு மறந்தே போயிருந்தது. குடத்தை வாங்கி, எங்கள் கிணற்றில் நானே இறைத்து நிரப்பிக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "எங்க வார்டுல வெள்ளம் வரல்ல" என்றேன். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி, "நல்லதுதானே மேடம்?" என்று சிரித்தார்.

"நானும் இப்படித்தான் சொன்னேன் சார்" என்றேன். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அவர் சொல்லும்வரை நான் உட்காரவில்லை.