மிதித்தால் தெரியும் தரை

மரத்தரை விற்கும் அந்தப் பெரிய கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து ரேகையைத் தடவுவார்கள். கோப்பு அக்கா செருப்பைக் கழற்றினார். கைப்பையிலிருந்து உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். அதன் நடுவே, கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அரக்கால் ஒட்டப்பட்டு நின்றது.

"தம்பி, அந்தத் தூண் பக்கம் போய், குதிகாலால ஒரு மிதி மிதிங்க."

"எதுக்கும்மா?" என்றார் விற்பனையாளர்.

"மிதிங்க, சொல்றேன்."

மெருகேற்றிய காலணியோடு அவர் ஓங்கி மிதித்தார். சுருள் அசையவில்லை.

"பாத்தீங்களா! பாறை மாதிரி நிக்கும்மா இது."

"அதான் வேணாங்கறேன்." நோட்டுப் புத்தகத்தில், "ஓக், மூன்றாம் வரிசை, அசைவு இல்லை" என்று எழுதித் தேதியும் போட்டார்.

மருத்துவமனை ஒன்றின் ஆவண அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர் அவர். யாருக்கு எந்தக் காகிதம் காணாமல் போனாலும் அவரிடம் ஒரு நகல் இருக்கும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பள்ளிப் படிப்போடு நின்றவர். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த எல்லாமே, மதிய இடைவேளைகளில் நூலகத்தில் உட்கார்ந்து தாமே எழுதி எடுத்துக்கொண்டவை.

அவர் கணவர் வீட்டிலேயே கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அப்போது குடியிருந்த மாடி வீட்டுக்குப் பலகைத் தரை. ஜன்னலைப் பார்த்து, கதவுக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்திருப்பார். மனைவி வாசலில் கால் வைத்ததும் நாற்காலி வழியே அது அவருக்குத் தெரிந்துவிடும். சொந்த வீடு கட்டிக் குடிவந்ததும், சிமெண்டுத் தரை அவரை இரண்டாம் முறை செவிடாக்கியது. யார் தோளைத் தொட்டாலும் தூக்கிவாரிப் போட்டது. ஒருமுறை இடுக்கியின் முனை விரலில் ஏறிவிட்டது. அன்றே மேசையைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டார். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவருடைய நிழலே வேலையின்மேல் விழுந்தது. பெண்கள் கட்டும் சின்னக் கடிகாரங்களை எல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தோடு நின்றுகொண்டார். குறையென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

அவரோடு பேச அக்கா துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார். அத்தனை சீட்டும் தேதிவாரியாக ஒரு பெட்டியில் இருக்கின்றன. "சண்டை போட்டதுக்குக்கூட ரசீது வச்சிருக்கா," என்பார் கணவர், வந்தவர்களிடம்.

கடையில் பதினொரு வகை மரத்தைப் பார்த்தாயிற்று. சுருள் எதற்கும் மசியவில்லை. கிளம்பும்போது, பில் போடும் மூலையில் மங்கிக் கிடந்த தேக்குப் பலகைகள் அக்காவின் காலடியில் டொக்கென்றன.

"அதப் பாக்காதீங்கம்மா," என்று பதறினார் விற்பனையாளர். "பழசு. நடந்தா மானத்த வாங்குது. அடுத்த மாசம் பேத்துடுவோம்."

அக்கா கண்ணாடியை வைத்தார். யாரோ நாலு தப்படிக்கு அப்பால் நடந்து போனார். சுருள் வெடவெடத்தது.

"அடியில என்ன இருக்கு?"

"மரச்சட்டம்மா. சட்டத்து மேல ஆணி அடிச்சது. நடுவுல வெறும் காத்துதான்."

"எனக்கு இதேதான் வேணும்."

மூன்று பக்க ஒப்பந்தம் தயாராயிற்று. தேக்கு, சட்டத்தின்மேல் ஆணியடித்துப் பதிக்க வேண்டும், பசையால் ஒட்டக் கூடாது, தரை உயர்வதால் கதவின் அடியை ஒன்றரை அங்குலம் இழைக்க வேண்டும். கடைக்காரரும் தரை போடும் மேஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்.

வேலை முடிந்த அன்று அக்கா அலுவலகத்திலிருந்து வந்தபோது தரை கண்ணாடிபோல் மின்னியது. வாசலில் நின்று மிதித்தார். கணவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் பலமாக மிதித்தார். குதிகால்தான் வலித்தது.

மறுநாள் மேஸ்திரியை வரவழைத்தார்.

"பசை போட்டுதாம்மா ஒட்டினேன். அதான் உசத்தி. சட்டம் போட்டா கதவு இடிக்கும். உங்க நல்லதுக்குத்தான் பண்ணேன். வேணாம்னா முதல்லயே சொல்லிருக்கலாமே?"

"சொன்னேன். மூணாம் பக்கம், ஏழாவது வரி. கதவு எட்டாவது வரி. கீழ உங்க கையெழுத்து."

"அதெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?"

கடைக்காரரும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார்: ஊரெல்லாம் சத்தம் வராத தரை கேட்கிறது, இவர் ஒருத்தர்தான் சண்டைக்கு வருகிறார். சொன்ன சொல் காகிதத்தில் இருந்தும் இப்படி ஏமாற்றப்பட்டது அக்காவுக்கு நெஞ்சில் குத்தியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. கோப்பை மூடினார்.

"உக்காருங்க," என்று மேஸ்திரியிடம் சொல்லி, கணவரின் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். "காதுல இந்தப் பஞ்ச வச்சுக்குங்க. இந்த இடுக்கியால இந்தக் கடிகார ஆணியப் பிடிங்க. கடுகுல பாதிதான் இருக்கும், பாத்து."

மேஸ்திரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பிடித்தார். மூச்சை அடக்கி ஆணியிலேயே கண்ணாக இருந்தார். அக்கா பின்னால் நடந்து போய்த் தோளைத் தொட்டார்.

"ஐயோ!" மேஸ்திரி எகிறினார். ஆணி பறந்தது.

பஞ்சை எடுத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஓரமாக நின்ற கடிகாரக்காரர் விரலில் இருந்த தழும்பைக் காட்டினார். மேஸ்திரி கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, "முதலாளி, தப்பு நம்மளுது. நான் பேத்துட்டு மறுபடி போடறேன்," என்றார். மறுமுனையில் கத்தல் கேட்டது. "நீங்க ஒரு தடவ இங்க வந்து உக்காந்து பாருங்க, அப்புறம் பேசுங்க," என்று வைத்துவிட்டார். போகும்போது அந்த மூன்று பக்கங்களுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒன்பது நாளில் சட்டங்கள் இறங்கின, பலகைகள் ஏறின, கதவு ஒன்றரை அங்குலம் குறைந்தது. பத்தாம் நாள் காலை, யாரும் சொல்லாமலே கணவர் மேசையைத் தரதரவென்று ஜன்னலுக்கு இழுத்துப் போனார். திருப்பிக் கொடுத்த சின்னக் கடிகாரங்களில் ஒன்று மாலைக்குள் திரும்பி வந்திருந்தது.

அக்கா வாசலில் நின்று இரண்டு முறை மிதித்தார்.

"ஒரு நிமிஷம். சக்கரம் கையில இருக்கு," என்றார் அவர், திரும்பாமல். சக்கரத்தை அதன் இடத்தில் உட்காரவைத்த பிறகு சொன்னார்: "இன்னிக்கு ஆபீசுல யார்கிட்டயோ சண்டை. மிதியிலயே தெரியுது."

பதில் எழுதச் சீட்டை எடுத்த அக்கா அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, இன்னொரு மிதி மிதித்தார்.