எட்வேர்ட் திறக்காத மண்டபம்

கோப்பாயில் ஹாட்வெயர் கடை வைத்திருக்கும் எட்வேர்ட், தகப்பனும் பாட்டனும் ஞானஸ்நானம் பெற்ற ஊர்த் தேவாலயத்தை விட்டு விலகியதற்குக் காரணம் ஒன்றல்ல. மர வாங்கில் இருந்தால் முதுகு நோகிறது. மின்விசிறி சத்தம் போடுகிறது. போதகர் கிறிஸ்ரோபர் மெல்லப் பேசுகிறார், பேசத் தொடங்கினால் முடிக்கவும் மாட்டார். "ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடுக்கிறன், எனக்கு என்ன கிடைக்குது?" என்று கடைக்கு வருகிறவர்களிடமே கேட்பார். பிடிக்காத சாமானை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவரை அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. சபைக்கும் அதே நியாயந்தான் என்று நினைத்தார்.

இரண்டு மூன்று இடம் பார்த்துக் கடைசியாக அவர் மனதுக்குப் பிடித்தது, நல்லூருக்குப் போகிற வழியில் இருந்த புதிய மண்டபம். ஏசி, பெரிய திரை, கிற்றார், சுருக்கமான பிரசங்கம், முடிந்ததும் கேக்கும் கோப்பியும். காணிக்கையைத் தாராளமாகக் கொடுத்ததால் நிர்வாகக் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். தரையில் விரித்த புதுக் காப்பெற்றின் நிறம்கூட அவர் தெரிந்தெடுத்ததுதான்.

மனைவி ஜொய்சி மட்டும் பழைய இடத்தை விட்டு அசையவில்லை.

"அங்கை உமக்கு என்ன கிடக்கு?" என்று கேட்டால், "வேலை கிடக்கு" என்பாள்.

போன கார்த்திகையில் விடாமல் அடித்த மழையில் புத்தூர்ப் பக்கம் தோட்டங்களும் வீடுகளும் தண்ணீருக்குள் போயின. மண்டபத்துக்குள் வெள்ளம் ஏறியிருக்குமோ என்று எட்வேர்ட் பின்னேரம் போய்ப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. நிம்மதியோடு கேற்றைப் பூட்டித் திரும்பியபோது, ஒரு லான்ட்மாஸ்டர் உழவுயந்திரம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்தவன் சுதாகரன் என்ற தோட்டக்காரன். பெட்டியில் தறப்பாளைப் போர்த்திக்கொண்டு அவனுடைய தாயும், நிறைமாத வயிற்றோடு மனைவி பிரசாந்தியும் இருந்தார்கள்.

"ஐயா, வீட்டுக்குள்ளை இடுப்பளவு தண்ணி. பள்ளிக்கூடங்களிலை இடமில்லையாம். இண்டைக்கு ஒரு ராவைக்கு இஞ்சை படுக்க விடுவியளோ?"

எட்வேர்டின் கண் முகங்களில் நிற்கவில்லை. சேறு வழிந்த கால்களில் போய் நின்றது.

"சாவி என்னட்டை இல்லைத் தம்பி," என்றார். "கோப்பாய்ச் சேர்ச்சிலை ஆக்களை எடுக்கினமாம். அங்கை போய்ப் பாருங்கோ."

சுதாகரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பு எரியவில்லை, ஜொய்சியையும் காணவில்லை. அவளுடைய போன் அடித்தடித்து ஓய்ந்தது. பசியும் எரிச்சலுமாகக் குடையை விரித்துக்கொண்டு பழைய தேவாலயத்துக்கு நடந்தார்.

உள்ளே அவருக்கு இடத்தை அடையாளம் காண முடியவில்லை. வாங்குகளைச் சுவரோரம் அடுக்கி, பீடத்தடி வரைக்கும் பாய் விரித்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசிய கிழவர் ஒருவருக்குப் போதகர் கிறிஸ்ரோபர் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். போதகர் தன்னுடைய வீட்டைக் கைப்பிள்ளைக்காரிகளுக்குக் கொடுத்துவிட்டு இங்கேதான் படுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ஜொய்சி பின்பக்கத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உதெல்லாம் நீரோ செய்யிறது? ஒரு ஆளைப் பிடிச்சு விடுறன், காசு நான் குடுக்கிறன். வாரும் வீட்டை."

அவள் நிமிரவில்லை. "காசு வேண்டாம். வாளியிலை தண்ணி முடிஞ்சுது. அள்ளிக்கொண்டு வாங்கோ."

நாலுபேர் பார்க்கிறார்களே என்று வாளியைத் தூக்கினார். கிணற்றடியில் நனைந்துகொண்டு நின்றபோது ஒரு பெண் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். பிரசாந்தி. தன்னை அடையாளம் தெரியவில்லைப்போலும் என்று எட்வேர்டுக்கு ஆறுதலாக இருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள, "எவடம் பிள்ளை?" என்று தெரியாதவர்போலக் கேட்டார்.

"புத்தூர். உங்கடை மண்டபத்தடிக்கும் வந்தனாங்கள்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "நீங்கள் பூட்டிப்போட்டுச் சாவியைப் பொக்கற்றுக்கை வைச்சதைக் கண்டனான். என்ரை மனிசனுக்குச் சொல்லேல்லை, மனம் நொந்துபோவார். ஆறப்போகுது ஐயா, குடியுங்கோ."

குடித்தார். குடிக்காமல் திருப்பிக் கொடுக்கவும் வெட்கமாக இருந்தது. தனக்காக ஒருவர் சிலுவையில் தன்னையே கொடுத்தார் என்று சின்ன வயதிலிருந்து பாடிவந்த மனிசன், பெற்றுக்கொள்கிற பக்கத்திலேயே இவ்வளவு காலமும் இருந்துவிட்டேனே என்று அந்தக் கிணற்றடியில்தான் நினைத்தார்.

இருட்டுப்படுமுன் யாரையும் கேட்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்டார். இடநெருக்கடியில் இருந்த சில குடும்பங்கள் போயின. பிரசாந்தி, "நாங்கள் இஞ்சையே இருக்கிறம்," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளம் வடிந்தபின் நிர்வாகக் குழு கூடியது. "காப்பெற் நாறிப்போச்சு. ஆரைக் கேட்டுத் திறந்தனீங்கள்?" என்று ஒருவர் சத்தம் போட்டார். அது எட்வேர்டுக்குத் தன்னுடைய குரலாகவே கேட்டது. அன்றோடு குழுவிலிருந்து நின்றுகொண்டார்.

தை மாதம் சுதாகரன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கடைக்கு வந்தான். ஒரு பை நிறைய வெங்காயம்.

"அண்டைக்கு நீங்கள் வழி சொல்லாட்டி எங்கடை பாடு என்ன ஐயா?"

பிரசாந்தி குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றாள். அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கப்போவதில்லை என்று எட்வேர்டுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"தம்பி, சாவி என்னட்டைத்தான் இருந்தது. பொய் சொன்னனான்."

சுதாகரன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்தாள். அவன் வெளியே போய் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணினான். வெங்காயப் பை மேசையிலேயே இருந்தது. பிறகு அவன் அந்தப் பக்கம் வரவேயில்லை.

இப்போது எட்வேர்ட் பழைய தேவாலயத்துக்குத்தான் போகிறார். திரும்பி வந்தவர் என்று போதகர் அவரை முன்வரிசை வாங்கில் இருத்தப் பார்த்தார். எட்வேர்ட் வேண்டாம் என்றுவிட்டார். சனிக்கிழமைகளில் ஜொய்சியோடு சேர்ந்து கூட்டிக் கழுவுகிறார். யாராவது அதைப் புகழ்ந்தால் வாளியை எடுத்துக்கொண்டு அப்பால் போய்விடுகிறார்.