வெயிலுக்கு ஒரு வாக்கியம்

மராத்தி பேசுகிற ஊரான மகர்பட்டாவில், எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஞாயிறு காலை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் இல்லாத வேலை, கேட்பாரும் இல்லை, அதனால் வாய் கொஞ்சம் ஜாஸ்தியாகவே நீளும். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். நாலாம் வகுப்பு. தமிழில் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பாதியில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வாரம் முழுக்க ஃபுட்பாலில் சேர்த்துவிடச் சொல்லி நச்சரித்தாள். கீழே மைதானத்தில் கோச்சிங் நடக்கிறது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தடித்தேன்.

அன்றைக்கு டிசம்பர் குளிர். பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் சுருண்டிருந்தார்கள். பொருத்தமாக இருக்கட்டும் என்று 'வெயில்' என்ற சொல்லை எடுத்தேன்.

"வெய்னா சூடு. வெந்நீர், வெப்பம், வெம்மை எல்லாம் ஒரே குடும்பம். சூரியனுக்கே வெய்யோன்னு பேரு. நம்ம ஆளுங்களுக்கு வெயில்னா முதல்ல சூடு, அப்புறம்தான் வெளிச்சம்!"

பின்னால் நின்ற பெற்றோர் தலையாட்டினார்கள். அடேயப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை. வெயில் அடிக்கும், ஏறும், தாழும், அதில் வடாம் காயும், நாமும் காயலாம் என்று அடுக்கினேன். பிறகு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

"இன்னைக்கு வெயில்... கம் இருக்கு," என்றான் ஒரு பையன், 'குறைவு' என்பதற்கு இந்தியைப் போட்டு. எல்லாரும் சிரித்தோம்.

என் மகள் எழுந்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், என் குரலிலேயே, என் இழுவையிலேயே சொன்னாள்:

"வெயில்ல ஆடாதடீ, கறுத்துடுவே. அப்புறம் ஒருத்தனும் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டான்."

சொல்லிவிட்டு, "சரியா இருக்காம்மா?" என்றாள். மார்க் வாங்குகிற முகம்.

யாரோ ஒரு அம்மா, "எங்க வீட்லயும் இதே பாட்டுதான்," என்று சிரித்தார். எனக்குக் காது மடல் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளுக்குப் பிழையில்லாமல் வருகிற ஒரே தமிழ் வாக்கியம் அது. தினமும் கேட்டால் வராதா பின்னே? வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று சொன்னவள் நான்தானே. என் அம்மா என்னிடம் சொன்னபோது எவ்வளவு அழுதிருக்கிறேன். அந்த வெட்கங்கெட்ட வார்த்தையைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்து இவளிடம் கொடுத்திருக்கிறேன்.

"சரிதான், உட்காரு," என்றேன். இலக்கணம் சரியாகத்தானே இருந்தது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தோம். புல்தரையில் பக்கத்துக் கட்டடத்து மராத்திக் குடும்பங்கள் குழந்தைகளோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மைதானத்தில் பந்து உருண்டது.

"நாளைக்கே ஃபுட்பால்ல சேர்த்துடறேன், கண்ணு. எவ்வளவு வெயில்னாலும் ஆடு," என்றேன். குரல் கெஞ்சுகிற மாதிரி வந்தது.

அவள் மைதானத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்மா," என்றாள். "இப்பவே நான் கறுப்பாதான் இருக்கேன்."

ஸ்வெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரமாக நிழல் பார்த்து வீட்டுக்கு நடந்தாள்.